மூன்றாம் வரிசை, கடைசி பிளக்

மணலி யார்டில் ஒன்பது நாளாய் நிற்கிறது
ஹாம்பர்க்கில் கப்பலேறிய குளிர்பெட்டி.
பெங்களூர் போக வேண்டியது.
ஒரு கையெழுத்து வரவில்லை.

இரண்டு மணிக்கொரு தரம் அதன் குளிரைப் பார்த்து
நோட்டில் எழுதுவது என் வேலை.
மைனஸ் இரண்டு. மைனஸ் இரண்டு.
மைனஸ் ஒன்று புள்ளி எட்டு.
வெளியே முப்பத்திரண்டு, நள்ளிரவிலும்.

பில்லில் பெயர்: ஹாப்ஸ், பெர்லே ரகம்.
பெர்லே என்றால் அவர்கள் பாஷையில் முத்து என்றார்
கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் டெல்பின்.
"காசிமேட்டுக்கே முத்தா?" என்று
பீடியை அணைத்தார் ஏசுபாதம்.

பத்தாம் நாள் சாம்பிள் எடுக்க வந்தார்கள்.
வெள்ளிப் பையின் மூலையில் கத்தி பட்டதும்
மணலிக் காற்றை ஒரு மடக்கு
உள்ளே இழுத்துக்கொண்டது பை.
பச்சைத் தூளை அழுத்திய சின்னச் சின்னக் குச்சிகள்.
"இன்னாம்மா இது, மாட்டுத் தீவனமா?"

பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

புதினா. சட்னிக்கு அரைக்கும் புதினா இல்லை.
மிளகு, கொடியில் பச்சையாய் இருக்கையில்.
அடியில் எங்கோ புதிதாய் இழைத்த பலகை.
அமோனியாவும் கந்தகமும் முறைவைத்து வீசும் இடத்தில்
வழி கேட்க ஆளில்லாததுபோல்
நின்றது அந்த வாசம்.

இது எதற்கு ஆகும் என்று கேட்டார் மொஹந்தி சார்.
ஸ்பீக்கரில் வந்தார் ஆலைக்காரர் பெள்ளியப்பா,
குடகுத் தமிழில்:
"கசப்புக்கும் ஆகும், வாசத்துக்கும் ஆகும் சார்,
ரெண்டு வேலைக்கு ஒரே பூ.
கொதி ஆரம்பத்துலயே போட்டா
ஒரு மணி நேரத்துல வாசம் ஆவியாப் போயிடும்,
கசப்பு மட்டும் நிக்கும்.
அடுப்பு அணைக்கிற முன்னாடி, கடைசி அஞ்சு நிமிஷம் போட்டா
வாசம் தங்கும், கசப்பு கொஞ்சம்தான்.
லாகருக்குப் போடுவோம், கறுப்பு பீருக்கும் போடுவோம்.
ஆல்ஃபா ஏழு சதவீதம், எழுதிக்கோங்க.
சார், பெட்டி குளிர் விட்டுடலையே?
விட்டா பழைய சீஸ் நாத்தம் வந்துடும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நோட்டை நீட்டினேன்.
நூற்றுச் சொச்சம் மைனஸ் இரண்டுகள்,
என் கையெழுத்தில்.

டாஸ்மாக் வரிசையில் நிற்கும் எவரும்
எந்தப் பூ என்று கேட்டதில்லை.
டீ குடிக்கையில் ஏசுபாதம் சொன்னார்:
"பதினாலு வயசுல ஹார்பருக்கு வந்தவன்மா நானு.
என்னிய மொத கொதியிலயே போட்டுட்டானுங்கோ."
சிரித்தார். நானும் சிரித்தேன்,
கொஞ்சம் தாமதமாக.

சிதறிய குச்சிகளை அள்ளியது நான்தான்.
பிசுபிசுப்பு போக மூன்று தரம் சோப்புப் போட்டேன்.
காலையில் தேரடி கடையில்
வடகறியில் தோய்த்த முதல் விள்ளல் இட்லி
விரலிலிருந்து கசந்தது.
இரண்டாவதும்.
துப்பத் தோன்றவில்லை.
ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்த பெண்
என் கைப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அன்றே கையெழுத்து வந்துவிட்டது.
ராத்திரி நான் போனபோது
மூன்றாம் வரிசை, கடைசி பிளக்கில்
இறால்.
மைனஸ் பதினெட்டு.