அறுபத்தெட்டு

வேகத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை.
குதிரை எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி:
கூட்ட நேரத்துக் காப்பிக்கடையில்
எட்டுக் கோப்பை ஏந்திய தட்டு போல,
சாசரில் ஒரு சொட்டு விழாமல்.

என் வேலை ஒலிபெருக்கி.
புக்கிட் தீமா காட்டை ஒட்டிய திடலில்
நான்கு கம்பம், நான்கு பெட்டி, இரண்டு மைக்,
மடக்கு மேசை, மழை வந்தால் ஒரு தார்ப்பாய்.
கல்யாணம், கெத்தாய், தீமிதி எல்லாவற்றுக்கும் வயர் இழுத்தவன்.
குதிரைக்கு இதுதான் முதல் தடவை.

"அடுத்து, பதினேழாம் எண்.
குதிரையின் பெயர் கோப்பி ஓ" என்றார் வர்ணனையாளர்.
பெஞ்சுகளில் சிரிப்பு.
கன்னங்கரேல் என்று வந்தது,
முன்னாள் பந்தயக் குதிரை.
முந்து முந்து என்று பழக்கிய உடம்பிடம்
முந்தாதே என்று கெஞ்சி
இரண்டு வருடம் ஆனதாம்.
மேலே ஷெவோன் போ, பதினாறு வயது,
உதட்டைக் கடித்தபடி.

கழுத்தில் துண்டு போட்ட சீன அங்கிள் ஒருவர்
கிராஞ்சியில் பல சனிக்கிழமைகளைத் தொலைத்தவர் போலிருக்கிறது,
"ஓட விடு லா!" என்றார்.
முன்வரிசை திரும்பி முறைத்தது.

முதல் தடை. இரண்டாவது.
மூன்றாவதைத் தாண்டும்போது
யாரோ விசிறியை நிறுத்திவிட்டார்கள்.
நான்காவதில்
வர்ணனையாளர் டெஸ்மண்ட் வீக்கே வார்த்தை வரவில்லை.
"என்னா நடை" என்றாள்
எனக்குப் பின்னால் பிள்ளையை மடியில் வைத்திருந்த அல்லி;
தங்கச்சிக்காக வந்தவள்,
குதிரையைப் பற்றி அவளுக்கும் எனக்கும் தெரிந்தது ஒன்றுதான்.

ஐந்தாவதுக்கு மூன்று எட்டு இருக்கையில்
டெஸ்மண்ட் எழுந்து நின்றார்.
கையிலிருந்த மைக்
என் பெட்டிக்கு நேராக வந்தது.
கீச்.
அரை நொடி. இழுத்துக் குறைத்துவிட்டேன்.
காட்டில் சில்வண்டு என்று நினைத்திருப்பார்கள்.

குதிரை அப்படி நினைக்கவில்லை.
வலது காது திரும்பியது.
எண்ணிவைத்த எட்டுகளுக்கு நடுவே
ஒரு குட்டி எட்டு செருகிக்கொண்டு,
சாக்கடையைத் தாண்டுவது போல
ஒரு தாவல்.
கண்ணாடி அறைக்குள் வெள்ளைத் தொப்பி குனிந்தது.
பேனா அசைந்தது.

அறுபத்தெட்டு.

"என்னது?"
திருமதி போவின் கைப்பேசி
இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தது, தரையை.
"ஜட்ஜ் கண்ணாடியை மாத்தணும்."
"ஐரோப்பாவில் இருந்து இறக்கிய குதிரைக்கெல்லாம் எண்பது,
நம்ம ஊரில் ஓடினதுக்கு இதுவா?"
"நல்லாத்தானே போச்சு? நல்லாத்தானே போச்சு?"
இது அல்லி, என்னிடம்.
நான் ஒரு வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.
சுற்றத் தேவையில்லாத வயர்.

டெஸ்மண்ட் தொண்டையைச் செருமினார்.
"ஐந்தாவதில் சவாரி செய்தவருக்குக்
கொஞ்சம் கவனம் சிதறிவிட்டது."
என் நான்கு பெட்டிகளும்
அதைத் தெளிவாக, இரைச்சல் இல்லாமல்,
திடலின் கடைசி வேலி வரை கொண்டுபோய்க் கொடுத்தன.
அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டாள்,
ஆமாம் என்பது போல.

போட்டி நிற்கவில்லை. யாரும் பார்க்காதபோது
மூன்றாம் பெட்டியை இரண்டடி நகர்த்தி
முகத்தை மரங்கள் பக்கம் திருப்பிவைத்தேன்.
பதினெட்டாம் எண், சாம்பல் குதிரை,
வழுக்கிக்கொண்டு போனது.
எண்பத்து நான்கு.
"இப்பத்தான் ஜட்ஜ் முழிச்சிருக்காரு"
என்றார் துண்டுக்காரர். எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.
அந்த ஆள் காலையிலிருந்து
கண்ணை மூடவே இல்லை என்பதற்கு
நான் சாட்சி. கேட்பார் இல்லை.

பிற்பகல் இடைவேளை. பெஞ்சுகள் காலி.
டெஸ்மண்ட் பீஹூன் பொட்டலத்தோடு எங்கோ போய்விட்டார்.
மைக் என் கையில், விளக்கு பச்சை.
சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது.
வாய் வரைக்கும் வந்தது.

"செக்" என்றேன். "ஒன்று, இரண்டு. செக்."

தண்ணீர்க் குழாயடியில்
ஜோமார் சோப்பு போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.
நுரைக்குள் நின்ற கறுப்பு உடம்பு அசையவில்லை.
வலது காது மட்டும்
என் பக்கம் திரும்பி
அப்படியே நின்றது.