இடமிருந்து

மல்லாவியில், கூட்டுறவுச் சங்கத்து உரக் களஞ்சியத்தில்,
யூரியா மணக்கும் பின்னறையில்
ஒரு குடியரசை எழுதினார்கள்.
தட்டச்சு நான்.
சம்பளம் மாதம் அரை மூடை புழுங்கல்.
சில மாதம் அதுவும் இல்லை.

முதல் வசனத்துக்கே மூன்று இரவு போயிற்று.
இறைமை மக்களிடம் உள்ளது என்றார் செபஸ்தியாம்பிள்ளை.
மக்களிடமிருந்து பெறப்படுகிறது என்றார் குலவீரசிங்கம்.
இருந்து. நாலு எழுத்து.
அடித்தேன், வெள்ளை பூசினேன், ஊதினேன்,
மேலே திரும்ப அடித்தேன்.
தாள் அந்த இடத்தில் மட்டும் தடித்துச் சுவரானது.

குலவீரசிங்கம் இருபது வருடம் நீதிமன்றில் கறுப்புக் கோட்டு.
அவருக்கு வவுனிக்குளம்தான் உதாரணம்:
"துருசுத் திறப்பு ஒருத்தன் கையில இருக்கோணும்.
ஆளுக்கொரு திறப்பெண்டா
கடைக்கண்டத்தில தவளையும் மிஞ்சாது."
செபஸ்தியாம்பிள்ளைக்கும் அதே குளம்:
"அந்த ஒருத்தன்ர மச்சானுக்கு
மேல்வாய்க்காலில வயலெண்டா?
வட்டவிதானையை வயல்காரர் தெரிஞ்செடுக்கினம்.
நாட்டுக்கு மட்டும் ஏன் ஆகாது?"

பத்து மணிக்கு ஜெனரேற்றர் நின்றுவிடும்.
பிறகு குப்பி விளக்கில்
மத்திய அரசும் கிராம அவையும்
ஒரே அளவு நிழலாய்ச் சுவரில் கைநீட்டும்.

சில இரவுகளில் நான் குலவீரசிங்கம் பக்கம்.
இருட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகையில்
முறையிட ஒரே ஒரு கதவு போதும்போல் இருக்கும்.
கூப்பன் வரிசையில் நின்ற நாட்களில் மற்றவர் பக்கம்.
தட்டச்சுக்காரிக்கு வாக்கு உண்டா என்ற பிரிவு
இன்னும் எழுதப்படவில்லை.

யோகாம்பிகை ரீச்சர் அதிகம் பேசமாட்டா.
மொழிபெயர்ப்புக்கென்று கூப்பிட்டிருந்தார்கள்.
கார்த்திகையில் தகரம் ஒழுகிய இரவு
வாளியைக் காலால் நகர்த்திவிட்டுச் சொன்னா:
"வெளியேறுற உரிமை எண்டு ஒண்டு எழுதுங்கோ.
போறவன் போகலாம். திரும்பி வரலாம். அவ்வளவுதான்."

ஐந்து மாதத்தில் முதல்முறையாக
இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.
"ஆட்கள் போயிட்டா அரசு ஆருக்கு?"
"ஆட்கள் போயிட்டா அவை ஆரால?"
எது யார் சொன்னது என்று குறிப்பில் நான் போடவில்லை.
ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது.
ஒருமனதாக என்ற சொல்லை
அந்தக் கோப்பில் நான் அடித்தது அந்த ஒரு தடவைதான்.

தை மாதம் அம்மாவுக்கு வவுனியா ஆஸ்பத்திரி.
பாஸ் படிவத்தின் கடைசி வரி: பிணை நிற்பவர்.
நான் திரும்பாவிட்டால் பிடிபட வேண்டிய ஆள்.
முதலில் செபஸ்தியாம்பிள்ளையிடம் நீட்டினேன்,
மக்களிடம் உள்ளது என்றவர் அவர்தானே.
நெற்றியைத் தடவினார்.
"வட்டாரக் குழுவில வைப்பம் பிள்ளை,
தனி ஆளா நான் முடிவெடுக்கிறது முறையில்லை."
குழு கூடுவது மாசி இருபதில்.

குலவீரசிங்கம் கண்ணாடியை ஏற்றினார்,
படிவத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார்,
ஒப்பமிட்டுப் பேனாவை மூடினார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

போனேன். அம்மா அங்கேயே முடிந்தா.
திரும்பி வந்தேன்.
ஏனென்று கேட்பவர்களுக்கு
அந்த ஒப்பத்தின் வளைவைத்தான் சொல்ல முடியும்,
சட்டத்தை அல்ல.

பிறகு களஞ்சியம் இல்லை, அவர்களும் இல்லை.
பதினோராவது வரைவு எந்த வீதியோரம் நனைந்ததோ.
என்னிடம் இருப்பது ஒரு கார்பன் தாள்.
தட்டுப்பாட்டில் எல்லா வரைவுக்கும் அதையே வைத்தேன்.
வெளிச்சத்துக்குப் பிடித்தால்
இடம், இடமிருந்து, இடம், இடமிருந்து,
ஒன்றன்மேல் ஒன்று, புற்றுமண்போல.

அடியில், ரீச்சர் சொன்ன வேகத்தில்
தாள் கோணி விழுந்த ஒரு வரி
சரிந்து கிடக்கிறது, தனியாக,
எழுத்துத் தமிழுக்கு மாற்றவும் நேரமில்லாமல்:
போறவன் போகலாம்.