பதினான்காம் பாடம்

லோரோங் கூலிட் ஞாயிறு சந்தையில்
துருவேறிய சாவிகளுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவே
இருபது ரிங்கிட்டுக்குக் கிடந்தது அந்தப் பழைய ஐபாட்.
"சார்ஜர் குத்தியிருந்தா ஓடும்கா" என்றான் விற்றவன்.
பிடுங்கினால் செத்துவிடும் என்பதை
அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினோர் ஆண்டு பாயான் லெப்பாசில்
இதைப் போன்றவற்றின் வயிற்றுக்குள் சுழலும் வட்டுக்கு
அதைப் படிக்கும் நுனிகளைச் சோதித்தவள் நான்.
வெள்ளை உறைக்குள் கண் மட்டும் வெளியே.
ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு.
கீறல் என்றால் இடப்பக்கம்,
இல்லையென்றால் வலப்பக்கம்.
வலப்பக்கம் போனவை பிறகு எங்கே போயின என்று
யாரும் சொன்னதில்லை.
ஆலை தாய்லாந்துக்குப் போனபோது
ஆளுக்கொரு காசோலை, ஒரு சுவர்க்கடிகாரம்.
கடிகாரம் இன்னும் ஓடுகிறது.

ரெலாவ் அடுக்குமாடி, பதினாறாம் தளம், இரவு பத்து.
காலாவதியான டச் அண்ட் கோ அட்டையை
விளிம்பில் செருகினேன்
(அதில் இன்னும் ஒரு ரிங்கிட் எழுபது காசு மீதி).
பிடி விடவில்லை.
இரண்டு நகம் போயிற்று.
"புதுசு வாங்கு, ஷாப்பியில எல்லாம் இருக்கு"
தொலைக்காட்சியை விட்டுக் கண்ணெடுக்காமல் நித்தியவாசன்.
புதுப் பேட்டரியும் ஷாப்பியில் வந்ததுதான், முப்பத்தெட்டு ரிங்கிட்.
சொல்லவில்லை.

டக்.

எலும்பு இடம் மாறுகிற சத்தம்.
பாதி திறந்ததும் நிறுத்திவிட வேண்டும்:
இரண்டு பாதியையும் கட்டியிருப்பது ஒரு நாடா,
வெங்காயத் தோலைவிட மெல்லியது.
அவசரப்பட்டு இழுத்தவர்கள் எல்லாரும்
இந்த இடத்தில்தான் அழுதிருப்பார்கள்.

கெட்டுப்போன தயிர் டப்பாவின் மூடி போல
உப்பி நின்றது பேட்டரி.
குத்திவிட்டால் நெருப்பு.
நாக்கைக் கடித்துக்கொண்டு
ஆடுகிற பல்லை அசைப்பது போல்
பசையிலிருந்து மெதுவாக, மெதுவாக.

அடியில் வட்டு. அதன் மேல் ஒரு சீட்டு,
வரிசை எண், ஏதோ ஒரு நாட்டின் பெயர்.
உள்ளே இருக்கும் நுனியைப் பற்றி
ஒரு சொல் இல்லை.
என் வலப்பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பொருத்தி, மூடி, மூச்சு விட்டு, அமுக்கினேன்.
விளக்கு வந்தது. சார்ஜர் இல்லாமலே வந்தது.
இன்று சனவரி ஒன்று என்றது,
யாருடைய புத்தாண்டோ.

பாட்டு ஒன்றுகூட இல்லை.
நாற்பது பாடங்கள், எல்லாம் ஜப்பானிய மொழி.
பதினான்காவதில், ஏழாம் நிமிடத்தில்
யாரோ நிறுத்தியிருந்தார்கள்.
பேருந்து வந்திருக்கும்.
விசா வராமல் போயிருக்கும்.
அல்லது வந்து, இப்போது ஒசாகாவில்
குடை மறந்து நனைந்துகொண்டிருக்கலாம்.

விட்ட இடத்திலிருந்து ஓட விட்டேன்.
ஒரு பெண் குரல் எதையோ கேட்டது, பிறகு
"மோ இச்சிதோ."

இந்த ஒன்று எனக்குத் தெரியும்.
தட்டைத் திருப்பி என் முன்னால் வைக்கும்போதெல்லாம்
நாகாதா-சான் சொல்வது:
இன்னொரு தடவை.
கழிவறையில் நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்.

கேட்டுவிட்டுக் குரல் காத்திருந்தது.
பதிலுக்கென்று விட்ட இடைவெளி,
நான்கு நொடி இருக்கும்.
பதில் சொல்ல வேண்டியவர் இங்கே இல்லை.
வட்டு ஒருமுறை சுழன்று அடங்கியது,
உள்ளங்கைக்கு மட்டும் தெரிந்தது.
கேள்வி என்னவென்றே தெரியாமல்
"ஹை" என்றேன்.

"என்னது?" என்றார் நித்தியவாசன்.

"ஒண்ணுமில்ல.
அந்த மைலோ டின்ன எடுங்க.
பழச மணல்ல போட்டு பால்கனியில வைக்கணும்.
எங்க கொண்டுபோய் கொடுக்கிறதுன்னு
நாளைக்குப் பார்க்கலாம்."