பசலி 1192

குஞ்சிதபாதம் பிள்ளை கேட்டது சின்ன விஷயம்தான்:
"எங்க குடும்பம் இந்த மண்ணுல எப்பலேர்ந்துன்னு
ஒரு தாள்ல எழுதிக் குடுங்க.
கோர்ட்டுக்கு வேணும்."
முன்பணம் இரண்டாயிரம்,
கூடவே ஒரு சீப்பு பூவன்.

வழக்கு உத்திராபதி மேல்.
மூன்று தலைமுறையாக அவர் நிலத்தைக்
குத்தகைக்கு உழுகிறவன்.
"நேத்து வந்தவன்" என்பது வாதம்.

கும்பகோணத்திலிருந்து காலைப் பாசஞ்சர்,
தஞ்சாவூர், ஆவணக் காப்பறை.
பதினொரு நாள் போனேன்.

பின்பக்கமாக நடப்பது என் தொழில்.
கணினிச் சிட்டாவில் அவர்.
யு.டி.ஆர். பதிவேட்டில் அவர் அப்பா.
செட்டில்மெண்ட் கணக்கில் தாத்தாவும் தாத்தாவின் தம்பியும்
பாகம் பிரியாமல்
ஒரே கட்டத்துக்குள் முறைத்துக்கொண்டு.
அதற்கும் முன்னே பைமாஷ்.
வேலி, மா, காணி, முந்திரி.
கணக்கன் கை நடுங்கிய இடத்தில்
ஒரு முந்திரி மண் அடுத்தவனுக்குப் போயிருக்கும்.
யாரும் கேட்கவில்லை. அல்லது
கேட்டவனைக் கணக்கில் எழுதவில்லை.

கோயில் கல்லில் கொடுத்தவன் பெயர் இருக்கும்.
வரிக்கணக்கில் கொடுக்காதவன் பெயர்.
நான் இரண்டாமவனைத்தான் நம்புவேன்.
புண்ணியத்துக்கு வேண்டுமானால் ஊர் மாற்றிச் சொல்லலாம்,
பாக்கிக்கு முடியாது.

பாக்கிக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கும்.
சாவி. எலி. மணல் மேவியது.
இவர்கள் வீட்டுக்கு மட்டும் எப்போதும் ஒன்றே:
*வாய்க்கால் தலைப்பில் நீர் ஏறவில்லை.*
பசலி 1290இல் ஏறவில்லை.
1254இல் ஏறவில்லை.
1217இல், சொக்கலிங்கம் பிள்ளை காலத்தில்,
காவிரி இரு கரையும் தொட்டுப் போன வருஷம்,
அப்போதும் ஏறவில்லை.

சொக்கலிங்கம் பிள்ளைக்கு அப்பால் இருட்டு.
1192: குதிரைகள் வந்து போன வருஷம்.
ஊர்ப் பங்கு எட்டு.
எட்டுக்கும் நேரே ஒரே சொல்,
மோடி எழுத்தில், மை தீய்ந்த சொல்:
*ஓடிப்போனார்கள்.*
அந்த எட்டுப் பெயரிலும் சொக்கலிங்கம் இல்லை,
அவர் அப்பன் இல்லை,
பாட்டன் சாயல்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.
பத்தாம் நாள் கிடைத்தான்.

1203, புறக்குடிக் கணக்கு.
"சொக்கன். ஏர் இரண்டு. மேற்கேயிருந்து வந்தவன்.
பாழ்நிலம் ஒன்றேகால் வேலி வாரத்துக்கு."
கிழக்கே வாய்க்கால், தெற்கே இலுப்பை மரம்,
அதே எல்லை, அதே ஒன்றேகால்.
மகன் மருதமுத்து.
1217இல் பிள்ளைக்கும் மகன் மருதமுத்துதான்.
பதினாலு வருஷத்தில்
சொக்கனுக்கு ஒரு லிங்கமும் ஒரு பட்டமும்
யாரோ ஒரு குமாஸ்தா கைச்செலவில் முளைத்திருக்கின்றன.

ஒரே ஆள்தானா? எனக்கே சந்தேகம்.
வேறு சொக்கனாக இருக்கலாம்,
இந்தப் பக்கம் சொக்கனுக்கா பஞ்சம்?
ஓரத்தில் பாக்கி பார்த்தேன்.
நெல் ஆறு கலம்.
காரணம்:
வாய்க்கால் தலைப்பில் நீர் ஏறவில்லை.

சிரித்துவிட்டேன். காப்பறைக் காவலர்
பேனாவால் மேசையைத் தட்டினார்.

அறிக்கையைப் படித்துவிட்டுப் பிள்ளை போன் செய்தார்.
"புறக்குடின்னா?"
"வெளியூர்லேர்ந்து வந்து உழுதவங்க."
ஆடுதுறைப் பக்கம் ஏதோ ஒரு டிராக்டர்
அவர் மௌனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
"அந்தப் பக்கத்த விட்டுட்டு எழுத முடியாதா?"
"முடியாதுங்க. மீதி மூவாயிரம்?"
"இந்தப் போகம் சரியில்லம்மா.
வாய்க்கா தலைப்புல தண்ணியே ஏறல."

எனக்கு இருந்த சந்தேகமும் போயிற்று.

இன்று மனு வாங்கும் ஜன்னலில்
என் முன்னால் ஒருவர் நின்றார்,
விரலிடுக்கில் சேறு,
புல எண் எழுதிய பஸ் டிக்கெட்.
உத்திராபதிதானா என்று நான் கேட்கவில்லை.
நகல் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.
குமாஸ்தா நிமிராமல் சொன்னார்.
எல்லோருக்கும் அதே தொகைதான்.
அவர் சில்லறையாக எண்ணி வைத்தார்,
பாக்கி இல்லாமல்.