உடைப்பு

இடது இமை பாதி விழுந்த அன்று
கோரையாற்று ஷட்டர் எனக்கு இரண்டு.
"எத்தனை அடிய்யா?" போனில் ஏ.இ.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சொன்னேன்:
நாலே கால்.

தஞ்சாவூரில் டாக்டரம்மா படத்தைக் காட்டினார்.
வலப்பக்கக் கழுத்துக் குழாய் சுருங்கிவிட்டதாம்.
அந்த ரத்தமும் சேர்ந்து இடப்பக்கம் பாய்ந்து
மண்டைக்குள் ஓரிடம் உப்பிக்கொண்டு
கண்ணுக்குப் போகும் மூன்றாம் நரம்பை
நெருக்குகிறதாம்.

மூணாறு தலைப்பில்
இருபத்திரண்டு வருஷ லஸ்கர் நான்.
பாமணியை அடைத்தால்
வெண்ணாற்றுக் கரை எங்கே கசியும்,
எத்தனை மணல்மூட்டை,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"உடைப்பெடுத்தா?"
அவர் பேனாவை மூடினார்.

வெளியே செங்கமலம்
ஒயர்கூடையைக் கவிழ்த்துக்
காப்பீட்டு அட்டையைத் தேடுகிறாள்.
இரண்டு செங்கமலம்.
இரண்டு பேருமே
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.