சொன்னபடி

செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மண்டிக்கு
பில் எழுதுகிறவன் நான்.
வேகமாக எழுதுவேன், புரிகிறபடி எழுதுவேன்,
கல்லூரியில் படித்ததில்லை.
பார்வையில்லாதவருக்குப் பரீட்சை எழுதித் தர
இது போதும் என்றார்கள்.

ஏகவள்ளி கொட்டச்சேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.
இருபது கொண்டை ஊசி வளைவும் இன்னும் வயித்துக்குள்ள சுத்துது,
அஞ்சு நிமிஷம் குடுங்க என்றாள்.
தனி அறை. பக்கத்தில் வேதியியல் கூடம்,
அழுகிய முட்டை வாடை.
கண்காணிப்பாளர் ஜன்னலோரம்
நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் கேள்வியைப் படிப்பேன். அவள் சொல்வாள். எழுதுவேன்.
இவ்வளவுதான் வேலை.

ஆறாவது கேள்வி. இரண்டு மதிப்பெண்.
சுடுகாடு: இலக்கணக்குறிப்புத் தருக.
பண்புத்தொகை என்றாள்.
பத்தாம் வகுப்பில் பெஞ்சுமேல் நிற்கவைத்து
என் தலையில் ஏற்றிய பாடம்:
வினைத்தொகை.
பேனா நின்றது.
கண்காணிப்பாளர் இடது கை நகங்களுக்கு மாறியிருந்தார்.
பண்புத்தொகை என்றே எழுதினேன்.
மண்டியில் முதலாளி எடையைத் தப்பாகச் சொன்னாலும்
அப்படியே எழுதுகிறவன்தான்.
அங்கே ஒருநாளும் இப்படிக் கை வியர்த்ததில்லை.

கடைசிக் கேள்வி, பதினைந்து:
தன்மீதும் பிறர்மீதும் மனிதர் வைக்கும் நம்பிக்கையை
இலக்கியம் எவ்வாறு ஆராய்கிறது?

முகத்தை மின்விசிறிப் பக்கம் திருப்பினாள்.
எழுதுங்க.

'உன்னை நம்புகிறேன் என்று கதையில் யாராவது சொன்னால்
நாலு பக்கத்துக்குள் ஏமாறப் போகிறார்.
நிஜமாக நம்புகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.
கொடுத்ததைச் சாப்பிடுகிறார்கள். தூங்குகிறார்கள்.
படகில் ஏறுகிறார்கள்.
அவர்கள் செய்தது சரியா என்று இலக்கியம் தீர்ப்புச் சொல்வதில்லை.
படகு கரை சேரும்முன்
நம்மையும் கொஞ்சநேரம் அதில் உட்கார வைக்கிறது.'
முற்றுப்புள்ளி. அடுத்த பத்தி.

'தன்னை நம்புவது இன்னும் கடினம்.
பிறரை நம்பும்போது எதிரே ஒரு குரலாவது இருக்கிறது.
இந்தத் தாளில் இருக்கும் கையெழுத்து என்னுடையதல்ல.
எந்த வாக்கியம் என்னுடையது என்று மட்டும்
எனக்குத் தெரியும்.'

அவள் தண்ணீர் குடித்த இடைவெளியில்
நான் ஒரு வரி சேர்த்தேன்.
கேட்காமல் வந்தது. பில் புத்தகத்தில்
முப்பது வருஷத்தில் வராத ஒன்று.

படிங்க என்றாள்.
படித்தேன். அதையும் படித்தேன்.
அது நான் சொன்னதில்லையே.
ஆமா.
மின்விசிறி மூன்று நான்கு சுற்றுச் சுற்றியிருக்கும்.
நல்லாத்தான் இருக்கு. அடிச்சிடுங்க.

ஒரு கோடு இழுத்தேன்,
திருத்துகிறவர் மனசு வைத்தால் படித்துவிடுகிற மாதிரி, மெல்லிசாக.
இன்னொண்ணு போடுங்க என்றாள்.
காதில் விழுந்திருக்கிறது.
அழுத்திப் போட்டேன். தாள் கிழியப் பார்த்தது.

அது என்ன வரி என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.

தேர்வர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்
என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன்.
கேண்டீனில் டீயை ஊதிக்கொண்டே கேட்டாள்:
சுடுகாட்டுல பேனா நின்னுச்சே, வினைத்தொகையா?
ஆமா.
ச்சே, ரெண்டு மார்க்கு.
திருத்தணும்னு தோணுச்சா?
தோணுச்சு.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
டீ ஆறிவிட்டது போல, ஒரே மடக்கில் குடித்தாள்.

பஸ் ஸ்டாண்டில்
இது ஏற்காடு வண்டிதானே என்றாள்.
ஆமா என்றேன்.
கண்டக்டரிடமும் ஒருதரம் கேட்டுக்கொண்டுதான் ஏறினாள்.

வண்டி நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே,
நான் நின்ற இடத்துக்குச் சற்று இடப்பக்கமாகப் பார்த்து,
வெள்ளிக்கிழமை அடுத்த பேப்பர்,
எட்டரைக்கே வந்துடுங்க என்றாள்.