வலப்பக்கத் தலை

எட்டு வடிவச் சுருளை
என் வலப்பக்கத் தலையில் வைத்து
"அசைய வேணாம்" என்கிறார் நுபைலா.

டிக்.

இடக்கைச் சுட்டுவிரல் துள்ளுகிறது,
மணலில் கொட்டிய சூடைமீன் மாதிரி.
நான் சொல்லவில்லை அதற்கு.

"இனி மற்றக் கையை ஆட்டுங்க."

எனக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றுதான்,
உப்புவெளியில் விடியற்காலை
கரைவலைக் கயிறு இழுப்பது.
திருகோணமலை ஆஸ்பத்திரியின் மாடியறையில்
காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு
வெறுங்காற்றை இழுக்கிறேன் வலக்கையால்.

டிக்.

திரையில் இடக்கையின் கோடு
முன்னதைவிட உயரம்.
சும்மா மடியில் கிடந்த கை!
பக்கத்து வீட்டுச் சண்டைக்கு
வாசல் வரை வந்து நிற்கிறவன் போல.

சுருளை இடப்பக்கம் மாற்றினார்.
அதே அளவில் வலது விரல் அசையவில்லை.
கூட்டினார். இன்னும் கூட்டினார்.

"எந்தக் கையால எழுதுவீங்க, ஞானசீலன்?"
"வலது."
"சாப்பாடு?"
"வலதுதான்."
"கயிறு அறுக்க?"

யன்னலில் ஒரு துண்டுக் கடல்.
படகொன்று மூதூர்ப் பக்கம் போகிறது.

வலது என்றே கோடு போட்டேன்.
அப்போது மின்விசிறி
படிவத்தைத் தூக்கி எறிந்தது.

விழுமுன் பிடித்த கையை
இரண்டு பேரும் பார்த்தோம்.